ஒளி தள்ளிவிடும், பூம் நிற்க வேண்டுமே

1992 ஜூலை 10 அன்று தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் கிளம்பிய இன்சாட்-2ஏ, பெங்களூரில் கட்டப்பட்ட செயற்கைக்கோள். அதன் படத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். சூரியத் தகடுகள் தெற்குப் பக்கம் மட்டும்தான். வடக்கே நீளமான ஒரு கம்பு, அதன் நுனியில் கப்பலுக்குக் கட்டுவதுபோல் ஒரு பாய். வானிலைக் கேமராவின் அகச்சிவப்பு உணரியைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் வடக்கு முகத்தில் இருந்தது. அதன் பார்வையில் சூடான தகடு எதுவும் குறுக்கிடக் கூடாது. தகட்டை ஒரே பக்கம் வைத்தால் அதன்மேல் விழும் வெயில் செயற்கைக்கோளை நாள் முழுக்க ஒரே திசையில் திருப்பப் பார்க்கும். அந்தத் திருகலைச் சமன்செய்ய எதிர்ப்பக்கம் பாய்.

ஆகவே ஒளியின் தள்ளல் இந்தப் பெங்களூருக்குப் புதிதல்ல. தொல்லையாக வந்ததை இன்னொரு பாய் வைத்து ஈடுகட்டினார்கள். அதே தள்ளலை வைத்து ஒரு சின்ன விண்கலத்தை ஓட்டுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. இயற்பியல் அரைப்பக்கத்தில் முடிந்துவிடும். மீதியெல்லாம் மடிப்பு, சுருள், நாடா, உருளை, எடை மையம். பத்து செ.மீ. கனசதுரங்களை அடுக்கிச் செய்யும் சின்னச் செயற்கைக்கோளான கியூப்சாட்டைக் கட்டும் கல்லூரிக் குழுக்கள் ஒளியைப் பற்றி முப்பது ஸ்லைடும், பாயை விரித்துப் பிடிக்கும் கம்பான பூமைப் பற்றி ஒரு ஸ்லைடும் போடுவது வழக்கம். அதைத் தலைகீழாக்க வேண்டும்.

அந்த அரைப்பக்கம் இதோ. பூமியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் வெயில் விழுகிறது. அதை ஒளியின் வேகத்தால் வகுத்தால் 4.54 மைக்ரோநியூட்டன். கண்ணாடிபோல் முழுதும் திருப்பி அனுப்பினால் இரட்டிப்பு, 9.08. நாசாவின் சோதனைப் பாய்க்கலமான ஏசிஎஸ்3 அளவில் ஒரு கலத்தை எடுத்துக்கொள்வோம்: 12 யூ (பன்னிரண்டு கனசதுர) கியூப்சாட், 16 கிலோ, 80 சதுர மீட்டர் பாய். சுருக்கம், முழுமையற்ற பிரதிபலிப்பு எல்லாம் போக 600 மைக்ரோநியூட்டன் தேறும். மூன்று அரிசி மணிகளின் எடை. வேகம் ஒரு நாளில் வினாடிக்கு 3.2 மீட்டர் கூடும்.

இது வெயிலை நேராக எதிர்கொண்டு நின்றால் கிடைக்கும் கணக்கு. அப்படி நின்றால் சூரியனிலிருந்து விலகும் திசையில் தள்ளுமே தவிர, சுற்றுப்பாதையை விரிக்கவோ சுருக்கவோ அதிகம் உதவாது. அதற்குப் பாதையின் போக்கில் தள்ள வேண்டும். பாயைச் சாய்க்க வேண்டும். சாய்த்தால் விழும் ஒளி குறையும், விசையின் திசையும் மாறும். இரண்டுக்கும் நடுவில் சிறந்த கோணம் 35.26 டிகிரி. அப்போது போக்குத்திசையில் கிடைப்பது முழு விசையில் 38.5 சதவீதம்தான். அதாவது ஆண்டுக்குச் சுமார் 455 மீட்டர்/வினாடி. இதையே ஹைட்ரசீனில் செய்தால் 16 கிலோ கலத்தில் 3 கிலோ எரிபொருள் போய்விடும். பாய் இதை ஒவ்வோர் ஆண்டும் தரும், தாங்கும்வரை. இந்த 38.5 சதவீதத்தை விட்டுவிட்டு முழு எண்ணைத் திட்ட அறிக்கையில் எழுதுவது பரவலான பழக்கம். மதிப்பீட்டுக் குழு முதலில் பிடிப்பதும் அதைத்தான்.

பூமியைச் சுற்றும்போது இன்னொரு சிக்கல். பாதையின் ஒரு பாதியில் கலம் சூரியனை நோக்கிப் போகிறது. அப்போது பாய் விரிந்து நின்றால் பிரேக் பிடிக்கும். எனவே விலகிப் போகும்போது முகத்தைக் காட்டி, நெருங்கி வரும்போது விளிம்பைக் காட்ட வேண்டும். 2019 ஜூன் 25 அன்று ஏவப்பட்ட லைட்செயில்-2 என்ற பாய்க்கலம் இப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 90 டிகிரி திரும்பியது. 5 கிலோ கலம், 32 சதுர மீட்டர் பாய், சுமார் 720 கி.மீ. உயரம். பாய் விரிந்த சில நாட்களில் பாதையின் உச்சப்புள்ளி 2 கி.மீ. அளவுக்கு உயர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் அண்மைப்புள்ளி இறங்கிக்கொண்டே வந்தது. 2022 நவம்பரில் காற்றுமண்டலத்தில் எரிந்தது. பகல்–இரவு எல்லையை ஒட்டிச் சுற்றும் விடியல்–அந்திப் பாதை கிடைத்தால் இந்தத் திருப்பு வேலை மிச்சம்: சூரியன் எப்போதும் பக்கவாட்டிலேயே இருக்கும், நிழலும் ஆண்டின் பெரும்பகுதியில் வராது, 35 டிகிரிச் சாய்வைச் சுற்றுக்கு ஒரு முறை சீராகச் சுழற்றினால் போதும்.

உயரம்தான் முதல் தடை. 720 கி.மீ.யில் காற்றின் இழுவை ஒளியின் தள்ளலைவிடப் பொதுவாகக் குறைவு. 500 கி.மீ.யில், சூரியனின் நடுத்தரச் சுறுசுறுப்பில், இழுவை ஒளியைவிடச் சில மடங்கு அதிகம். பிஎஸ்எல்வியின் கடைசி அடுக்கைச் சோதனை மேடையாக்கும் போயம் வகைப் பறப்புகளில் 350 கி.மீ. வாக்கில் இருப்பீர்கள்; அங்கே இழுவை பல பத்து மடங்கு. அந்த உயரத்தில் ஒளியால் ஏறுகிறோம் என்று எழுதுவது வெறும் விளம்பரம். ஆனால் அங்கே பாயை விரித்துக் காட்டலாம், படம் எடுக்கலாம், எவ்வளவு சீக்கிரம் கீழே இழுக்கப்படுகிறது என்று அளக்கலாம். விரியும் பொறி சரியா என்ற கேள்விக்கு அது போதுமான பதில்.

படலத்துக்கு, அதாவது பாயாகும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுக்கு வருவோம். 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் 7.5 மைக்ரான் பாலிஇமைடு. லைட்செயில் 4.5 மைக்ரான் மைலார். நாசாவின் இன்னொரு பாய்க்கலமான நியா ஸ்கவுட்டுக்கு 2.5 மைக்ரான் சிபி1. 2.5 மைக்ரான் என்றால் சதுர மீட்டருக்கு மூன்றரை கிராம் சொச்சம். 80 சதுர மீட்டருக்கு 300 கிராம்கூட இல்லை. எடை படலத்தில் இல்லை, பூமிலும் அதைத் தள்ளும் பொறியிலும்தான் இருக்கிறது. அதனால் இன்னும் மெல்லிய படலம் தேடி அலைவதில் கியூப்சாட்டுக்கு லாபம் குறைவு.

பயிற்சிக்கு மின்தேக்கிக்காகச் செய்யும் உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டர் படலம் பரவாயில்லை. சில மைக்ரான் கனத்தில் கிடைக்கும். ஆனால் பூச்சு மிக மெலிது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஊடே தெரியும். பறக்கும் பாய்க்கு 100 நானோமீட்டர் வாக்கில் அலுமினியம் வேண்டும். குறைந்தால் பிரதிபலிப்பு போகும், கூடினால் மடிப்பு வரியில் வெடிக்கும். தாழ்ந்த பாதையில் அணு ஆக்சிஜன் பாலிமரை அரிக்கும். அலுமினியம் காக்கும், ஊசித்துளை இருக்கும் இடத்தைத் தவிர. அங்கே உள்ளிருந்து அரித்துக் குழி பறிக்கும். கிழிசல் ஓடாமலிருக்க மீட்டருக்கொரு பாலிஇமைடு டேப் பட்டை குறுக்கும் நெடுக்கும் ஒட்டுவது நல்லது. கிழிசல் வரும், அடுத்த பட்டையில் நின்றுவிடும்.

மடிப்பதில்தான் நாட்கள் கரையும். 9 மீட்டர்ச் சதுரத்தை நான்கு முக்கோணங்களாக வெட்டுவது வழக்கம். ஒவ்வொன்றையும் முதலில் நீளவாக்கில் இசட் மடிப்பாக மடித்து நீண்ட பட்டையாக்கி, பிறகு அந்தப் பட்டையை நடு உருளையில் சுற்றுகிறோம். கணக்குப்படி 2 மைக்ரான் படலம் 80 சதுர மீட்டருக்கு 160 கன செ.மீ. தான். நடைமுறையில் மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும். அந்த மிச்சம் எல்லாம் காற்று, அந்தக் காற்றுதான் வில்லன். ராக்கெட் கிளம்பிய ஒன்றிரண்டு நிமிடங்களில் வெளி அழுத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு இறங்கும். மடிப்புக்குள் சிக்கிய காற்று உப்பி, கதவை உள்ளிருந்து தள்ளும். இல்லையென்றால் சுற்றைத் தளர்த்திப் படலத்தின் ஓரத்தைப் பூமின் பாதையில் கொண்டுபோய்ச் செருகும். மருந்து: பட்டையின் இரு ஓரங்களும் மூடாதபடி மடிக்க வேண்டும், பெட்டியில் வெளியேற வழி வைக்க வேண்டும், பறக்கும் பாயையே வெற்றிட அறையில் ராக்கெட்டின் வேகத்தில் அழுத்தம் இறக்கிச் சோதிக்க வேண்டும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே மடித்தால் ஸ்ரீஹரிகோட்டாவில் மடிப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு காற்று குறைவாகச் சிக்கும். அந்தச் சலுகையை நம்பி வெற்றிடச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச் மதியங்களில் இந்த ஊர்க் காற்று வறண்டுவிடும். அப்போது படலம் நிலைமின்சாரத்தால் கையில், மேசையில், தன்மேலேயே ஒட்டும். கிளீன்ரூமில் ஈரப்பதத்தை 45–55 சதவீதத்தில் பிடித்து, மடிக்கும் மேசைக்கு மேல் அயனியாக்கும் மின்விசிறி வைத்தால் பாதித் தலைவலி தீரும். மிச்சப் பாதிக்கு நான்கு பேர் வேண்டும்: இருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் மடிக்க, ஒருவர் படிப்படியாகப் படம் எடுத்து எண் போட. பிரிக்கும்போது ஒரு மடிப்பு சிக்கினால், எந்த வரிசையில் மடித்தோம் என்பதற்கு அந்தப் படங்கள்தான் சாட்சி.

இனி பூம். இன்ச் டேப்பை இழுத்துப் பிடித்தால் மீட்டர் நீளத்துக்கு விறைத்து நிற்பது அதன் குறுக்கு வளைவால். எல்லாச் சுருள் பூமும் அந்த வகையறாதான். லைட்செயிலிலும் நியா ஸ்கவுட்டிலும் இருந்தது டிராக் வகை: இரண்டு வளைந்த உலோக நாடாக்களை ஓர் ஓரத்தில் சேர்த்துப் பற்றவைத்து, சுற்றும்போது தட்டையாக்கி, வெளியே வரும்போது பிளவுபட்டு முக்கோண வடிவம் எடுக்கும். லைட்செயிலில் 4 மீட்டர், நியா ஸ்கவுட்டில் 7 மீட்டர் வாக்கில்.

நீளம் கூடும்போது வருவது மூன்று சங்கடம். பூமை அழுத்தி மடக்கப் பார்ப்பது ஒளி இல்லை. பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்தான். அரை நியூட்டன் இழுவை என்றாலும் அது ஒளி விசையைவிட எண்ணூறு மடங்குக்கு மேல். நீளத்தை இரட்டித்தால் பூம் மடங்காமல் தாங்கும் அழுத்தம் கால்பங்காகும். ஸ்பிரிங்கை மென்மையாக்கினால் பாய் தொங்கும், கடினமாக்கினால் பூம் வளையும். இந்த ஸ்பிரிங்கைத் தேர்வதற்குச் செலவிடும் வாரம் வீண்போகாது.

அடுத்தது சூடு. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். 35 மி.மீ. அகல துருப்பிடிக்கா எஃகுப் பூமில் இரு பக்கத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால், 7 மீட்டர் நுனி 24 செ.மீ. விலகும். நீளத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் 4 மீட்டரில் இது 8 செ.மீ. தான், அதனால்தான் சின்னப் பாய்களில் உலோகம் பிழைத்தது. கார்பன் நார்க் கலவைக்கு இழை திசையில் விரிவு ஏறத்தாழ இல்லை. ஏசிஎஸ்3 அதற்காகவே கிளம்பியது: 7 மீட்டர்க் கலவைப் பூம்கள், உலோகத்தைவிட 75 சதவீதம் எடை குறைவு, வெப்ப வளைவு நூறில் ஒரு பங்கு என்பது நாசா சொல்லும் கணக்கு. கலவைக்கும் ஒரு நோய் உண்டு. சுருட்டிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் பிசின் தளர்ந்து அந்த வடிவத்தையே நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியே வந்தபின் முழு வளைவு எடுக்காது. ஏவுதல் தள்ளிப்போவது சாதாரணம், எனவே சுருட்டி வைத்த காலத்தையும் அந்த அறையின் சூட்டையும் குறித்து வைக்க வேண்டும். அதே தொகுதியில் செய்த ஒரு துண்டைக் கூடவே சுருட்டி வைத்து மாதம் ஒருமுறை பிரித்து அளப்பது மலிவான காப்பீடு.

மூன்றாவது, உள்ளேயே பூத்துக்கொள்வது. மோட்டார் உருளையைச் சுற்றுகிறது, நுனி எங்கோ தடைபடுகிறது, நாடா வெளியே போகாமல் பெட்டிக்குள் சுருள் தளர்ந்து விரிகிறது. இரண்டு சுற்று தளர்ந்தால் போதும், பெட்டிச் சுவரில் உரசி இறுகிவிடும். சுருளைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த அழுத்து உருளைகள் இதற்குத்தான். உருளையின் அழுத்தம் குறைந்தால் பூக்கும். கூடினால் உராய்வில் மோட்டார் திணறும், வெற்றிடத்தில் குளிர்ந்தபோது இன்னும் மோசம். 2024 ஏப்ரலில் போன ஏசிஎஸ்3யில் முதல் முயற்சியின்போது மோட்டாரின் மின்னோட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமானதைக் கண்காணிப்பு பிடித்து நிறுத்தியது. பிறகு ஆகஸ்ட் 29 அன்று பாய் விரிந்தது. அந்த நிறுத்தம் தோல்வியில்லை, கலத்தைக் காப்பாற்றியது. மோட்டாருக்கு மின்னோட்ட வரம்பு வைத்து, தாண்டினால் நின்று, கால் சுற்றுப் பின்வாங்கி, தரைக்குச் சொல்லிக் காத்திருக்கும்படி எழுத வேண்டும். நேரத்தை மட்டும் வைத்து ஓடும் மோட்டார் தனக்குத்தானே குழி தோண்டும்.

ஏசிஎஸ்3யின் பாய் விரிந்த பிறகு கேமராப் படங்களில் ஒரு பூம் சற்று வளைந்திருந்தது. பாயின் நான்கு மூலையும் தெரியும்படி கேமரா இருந்ததால்தான் அது தெரிந்தது. எடை மிச்சம் பிடிக்கிறேன் என்று கேமராவில் கைவைப்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இவற்றில் பெரும்பாலான சோதனை பெங்களூரில் முடியும். பீன்யா தொழிற்பேட்டையின் பட்டறைக் கொட்டகைகளில்தான் 1975இல் பறந்த ஆரியபட்டாவே உருவானது. இன்றும் அங்கே ஓசூர், சேலம் பக்கத்து லேத்காரர் ஒருவரிடம் “விளிம்புல பிசிறு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்க அண்ணே, மெலிசு தாள் மாட்டிக் கிழியும்” என்று தமிழிலேயே சொல்லி உருளை செய்து வாங்கலாம். மோட்டார் டிரைவரும் மின்னோட்ட உணரியும் மின்னணுப் பொருள் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், பறப்பதற்கு இல்லை, மேசை மாதிரிக்கு. பூமுக்கு 0.1 மி.மீ. ஸ்பிரிங் எஃகு நாடாவில் தொடங்கி, பொறி சரியாக ஓடியபின் கலவைக்குப் போங்கள். 7 மீட்டர் பூம் தன் எடையிலேயே தரையில் தொங்கும். வழுவழுப்பான நீண்ட மேசையோ மேலிருந்து நூல் தாங்கலோ வேண்டும். தாங்கல் அதிகமானால் விண்ணில் வளையப்போகும் பூம் தரையில் நேராக நின்று ஏமாற்றும். ஆகவே கலத்தைப் பக்கவாட்டில் சுழற்றி வைத்து இன்னொரு தடவை விரித்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பூம் வளைந்தால் குறை பூமில். திசையோடு மாறினால் புவியீர்ப்பில்.

விரிந்து நின்றபின் வரும் பிரச்சினை மெதுவானது. ஒளி தள்ளும் மையமும் கலத்தின் நிறைமையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். 1 செ.மீ. விலகினால் 600 மைக்ரோநியூட்டன் 6 மைக்ரோநியூட்டன்-மீட்டர் திருகலாகும். இதைத் தாங்க, கலத்தின் திசையைப் பிடிக்கும் சுழல்சக்கரமான ரியாக்‌ஷன் வீல் சுழன்று உள்வாங்கும். கியூப்சாட்டில் வைக்கும் 50 மில்லி நியூட்டன்-மீட்டர்-வினாடி வீல், இரண்டே கால் மணிநேரத்தில் நிரம்பிவிடும். பூமி அருகே காந்தக் கம்பிச்சுருள் அதைக் காலிசெய்யும்: 1 ஆம்பியர்-சதுர மீட்டர் சுருளுக்கு 30 மைக்ரோநியூட்டன்-மீட்டர் வரை கிடைக்கும், போதும். காந்தப்புலம் இல்லாத தொலைவில் வேறு வழி வேண்டும். நியா ஸ்கவுட்டில் கலத்தின் ஒரு பாதியை மறுபாதிக்கு எதிரே இரண்டு அச்சில் நகர்த்தும் தட்டு இருந்தது. இகாரோஸ் பாயின் ஓரத்தில் பிரதிபலிக்கும் தன்மையை மின்சாரத்தால் மாற்றும் திரவப் படிகப் பட்டைகள். மூலையில் சின்னத் துடுப்புகளைத் திருப்புவதும் உண்டு. கியூப்சாட்டுக்கு நகரும் தட்டுதான் நடைமுறை என்பது என் கருத்து. துடுப்பு என்றால் நுனிவரை கம்பி போக வேண்டும், சுருளுக்குள் கம்பி என்பது சனியனை விலைக்கு வாங்குவது.

இந்தத் திருகலையே வேலைக்காரனாக்கியதும் உண்டு. நான்கு வீல்களில் இரண்டு செத்துப்போன கெப்ளர் தொலைநோக்கியை 2014 முதல் வெயிலின் அழுத்தத்தை மூன்றாவது முட்டாக வைத்து நிலைநிறுத்தினார்கள். இன்சாட்டின் பாயும் அந்தக் குடும்பம்தான்.

பூமே இல்லாமல் விரிக்கும் வழியை இகாரோஸ் காட்டியது. 14 மீட்டர்ச் சதுரம், நான்கு மூலையிலும் அரைக்கிலோ எடை, கலத்தைச் சுழற்றினால் விலகுவிசை இழுத்து விரிக்கும். அளந்த தள்ளல் 1.12 மில்லிநியூட்டன். அழகான வழி, ஆனால் சுழலும் கலத்தைச் சுற்றுக்கு இருமுறை 90 டிகிரி திருப்ப முடியாது. சுக்கிரனைத் தாண்டிப் போகும் நீண்ட பயணத்துக்குச் சரி, பூமியைச் சுற்றுவதற்குச் சரிவராது. பாயின் சுருக்கங்களில் வெயில் பட்டுக் காற்றாலைபோல் சுழற்சி வேகத்தை மாற்றியதும் அங்கே தெரியவந்தது.

லேசர் பற்றிக் கேட்காத ஆளில்லை. பதில் ஒரு வரிக்கணக்கு: 1 கிலோவாட் லேசரை முழுதும் பிரதிபலித்தால் 6.7 மைக்ரோநியூட்டன். நம் 80 சதுர மீட்டர்ப் பாய்மேல் விழும் இலவச வெயிலே 109 கிலோவாட். அதை மிஞ்ச வேண்டுமானால் அவ்வளவு லேசரைத் தரையில் ஓட்டி, ஆயிரம் கி.மீ. தாண்டியும் பாய்க்குள்ளேயே விழும்படி குவிக்க வேண்டும். 2016இல் அறிவித்த, லேசரால் நட்சத்திரத்துக்குக் கலம் அனுப்பும் திட்டமான பிரேக்த்ரூ ஸ்டார்ஷாட் 100 கிகாவாட் பேசியது, அதுவும் கிராம் எடைக் கலங்களுக்கு. சூரியனிலிருந்து வெகுதூரம் போனால் லேசர் அர்த்தப்படும். பூமிப் பாதைக்குத் தேவையில்லை.

பாய் சரியாக இருந்தும் கலம் போன கதைகள்தான் அதிகம் உறுத்தும். நேனோசெயில்-டி2, 2010 டிசம்பரில் தாய்க்கலத்திலிருந்து வெளியேறச் சொன்ன கட்டளைக்கு அசையாமல், 2011 ஜனவரி 17 அன்று தானாக வெளியே குதித்தது. 2015இல் லைட்செயில்-1 பேசாமல் போனது, தன் நிலையைத் தானே ஒலிபரப்பும் பீக்கன் செய்திகளை எழுதிய ஒரு கோப்பு 32 மெகாபைட்டைத் தாண்டி இயங்குதளத்தை முடக்கியதால். எட்டு நாள் கழித்துக் கணினி தானாக மறுதொடக்கம் ஆனதால் பிழைத்தது. நியா ஸ்கவுட் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1இல் போய் ஒரு முறைகூடப் பேசவில்லை. 86 சதுர மீட்டர்ப் பாய் விரிந்ததா என்பதே தெரியாது. எனவே மூன்று விஷயம் பாய்க்கு முன்பே முடிய வேண்டும். பதிவுக் கோப்புகளுக்கு உச்ச அளவு வைத்து, பழையதை அழிக்கும்படி எழுதி, பறக்கப்போகும் கலத்தையே தரையில் ஒரு மாதம் நிறுத்தாமல் இயக்கிப் பாருங்கள். வெளியிலிருந்து மறுதொடக்கம் செய்யும் காவல் டைமரைத் தனிச் சிப்பில் வையுங்கள். விரிக்கும் கட்டளைக்கு, தரையோடு பல நாள் பேச்சு இல்லையென்றால் தானே விரிக்கும் ஒரு மாற்று வழி கொடுங்கள், ஆனால் பேட்டரி அளவு போதுமா என்று பார்த்த பிறகு. விரிந்த பாய் சூரியத் தகடுகளுக்கு நிழல் போடும் கோணங்களையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். உருளும் கலத்தில் அந்த நிழல்தான் பேட்டரியைக் கொல்லும். தகடுகளைப் பாயின் இரு பக்கமும் பிரித்து வைத்தால் ஆளுக்குப் பாதி மின்சாரம்தான், ஆனாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரேடியோவுக்குக் கிடைக்கும்.